அடைபட்ட நீர்வழி

மாதக் கணக்கை முடித்து ஒப்படைத்த ஓரிரவு, நாமும் நம் தோழர் இருவருமாகத் தோட்ட அலுவலகத்து மேசைமீது ஜொகூர் மாநிலப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு படகுப் பயணத்திற்குத் திட்டமிட்டோம். கிராணி வேலை பார்ப்போர்க்கு ஆண்டில் கிடைக்கும் ஓய்வு நாட்கள் சிலவே. அவற்றைப் பட்டணத்துக் கடைவீதிகளிற் கழிப்பதினும், நாம் பிறந்து வளர்ந்து பிழைக்கும் இம்மாநிலத்தின் கரையை ஒருமுறையேனும் நீரின்மேல் நின்று பார்த்துவிடுதல் நலமென்று தோன்றிற்று. தோட்டத்திற் பிறந்தவன் செம்மண் சாலையை அறிவான்; ரப்பர் மரத்தையும் செம்பனையையும் அறிவான்; ஆனால் தன் தோட்டத்து ஓடை எந்த ஆற்றிற் கலக்கின்றது, அவ்வாறு எவ்விடத்தே கடலை அடைகின்றது என்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

நாம் வகுத்த வழி இதுவாகும். மேற்கே குக்குப் என்னும் மீனவர் ஊரில் ஒரு மோட்டார் படகை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய் முனையைச் சுற்றித் தெப்ராவ் நீரிணையுட் புகுவது. பூலாய் ஆற்று முகத்தையும் ஸ்கூடாய் ஆற்று முகத்தையும் கடந்து ஜொகூர் பாரு நகரத்தை அடைவது. அங்கிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்தின் வழியாகக் கிழக்கே சென்று, ஜொகூர் ஆற்றில் ஏறி, ஜொகூர் லாமாவையும் அதற்கு மேலுள்ள கோத்தா திங்கியையும் பார்த்து மீள்வது. வடக்கே பெருநிலம், தெற்கே சிங்கப்பூர்த் தீவு, இடையே ஒரு பேராறுபோல் வளைந்து கிடக்கும் நீர்வழி. கடலேயாயினும் பேரலையில்லாத கடல். சிறு படகுக்கென்றே இயற்கை அகழ்ந்து வைத்த கால்வாய் என்று கூறத்தகும்.

படத்தின்மேல் ஓடிய விரல் ஜொகூர் பாருவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கேதான் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் குறுக்கே கிடக்கின்றது. பாலமென்பது பெயரேயன்றி, உண்மையில் அது கரைக்குக் கரை கல்லால் நிரப்பப்பட்ட ஓர் அணை. நீளம் 3,465 அடி. அதனடியிற் படகு புகுந்து செல்ல வழியில்லை. மேற்கிலிருந்து கிழக்கே போகவேண்டுமாயின், சிங்கப்பூர்த் தீவையே தெற்காகச் சுற்றி, உலகத்துப் பெருங்கப்பல்களெல்லாம் வரிசையிட்டுச் செல்லும் சிங்கப்பூர் நீரிணையில் நம் சிறு படகைச் செலுத்தவேண்டும். அஃது உயிருக்கும் தீங்கு. பிற நாட்டின் நீரிற் புகுவதும் ஆகும்.

தோழரொருவர், கூட்டுத்தொகையிற் பிழை கண்டவர் போல் முகஞ்சுளித்து, "இவ்வழியை அடைத்தவர்கள் சிறு படகுக்கென்று ஒரு வழியும் வைக்கவில்லையா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. விடையை முன்னரே கூறிவிடுவோம்: வழி வைத்தார்கள், பின்னர் அது போயிற்று, போனதை மீட்டும் வைப்பாரில்லை. அதன் வரலாற்றை முதலிலிருந்தே பார்ப்போம்.

ஆறே சாலை

சாலைகள் வருமுன்னர் ஜொகூரில் ஆறே சாலை. ஆற்று முகமே சுங்கச் சாவடி. தெமெங்கோங் இப்ராகிம் என்பார் 1844-ஆம் ஆண்டு முதல், மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனர்க்கு ஆற்றுச் சீட்டுக்களை வழங்கினார். மலாய் மொழியில் அச்சீட்டுக்கு 'சூராட் சுங்காய்' என்று பெயர். நிலத்தை ஏக்கர் கணக்கில் அளந்து கொடுத்தாரல்லர். இன்ன ஆறு இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பெற்றவன் அவ்வாற்றின் தலைவனாகிய 'காங்சூ'. அவன் குடியேற்றம் நிறுவிய துறை 'காங்கார்'. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வழக்கின் எச்சங்களாம். சிங்கப்பூரிலுள்ள சுவா சூ காங், லிம் சூ காங் என்னும் பெயர்களும் இவ்வினத்தனவே. 1917-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. பெயர்கள் மாத்திரம் நின்றுவிட்டன.

இப்ராகிம் 1855-இல் நீரிணைக் கரையில் தஞ்சோங் புத்திரி என்னும் ஊரை நிறுவினார். அவர் மைந்தர் அபூபக்கர் காலத்தில், 1866-இல், அவ்வூர் ஜொகூர் பாரு, அஃதாவது புதிய ஜொகூர், என்று பெயர் பெற்றது. ஊர் அமைந்த இடத்தை நோக்குங்கள். அதன் முகம் நீரைப் பார்த்தே இருக்கின்றது. அந்நாளில் அதன் தலைவாயில் நீரிணையே.

ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த தொடக்கத்திலும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. நம் தோட்டத்தில் எண்பதாண்டைக் கடந்த மூதாட்டி ஒருவர் உளர். அவர்தம் தந்தையார் ஆற்றங்கரைத் துறையில் ரப்பர்க் கட்டுக்களைத் தொங்கானில் ஏற்றும் வேலை பார்த்தவர். நாம் படகுப் பயணம் போகப்போகின்றோம் என்று கேட்டதும் அம்மூதாட்டி நகைத்து, "சாலை வந்தது நல்லதுதான், கிராணி ஐயா. ஆனா ஆத்துல வேலை செஞ்சவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு ஒருத்தரும் கேக்கலியே!" என்றார். அவர் நகைத்துக்கொண்டே கூறினாரெனினும் நமக்கு நகை வரவில்லை. செக்ரோல் எழுதும் கை நம்முடையது. ஒரு பெயர் அப்புத்தகத்தினின்று விடுபட்டுவிட்டால், அப்பெயருடையான் அன்று வேலை செய்யாதவனே ஆகிவிடுவான் என்பதை நாம் அறிவோம்.

எவருடைய நீர்?

இந்நீர் எவருடையது என்னும் வழக்கு மிகப் பழையது. மலாக்கா 1511-இல் போர்த்துகீசியர் கையில் வீழ்ந்த பின்னர், அதன் அரச குடும்பத்தினர் ஜொகூர் ஆற்றங்கரையிற் குடிபுகுந்து ஆண்டனர். ஆற்று முகத்தைக் காத்தவர்க்கே வாணிபம் என்பது அக்கால நிலை. 1587-இல் போர்த்துகீசியர் படையெடுத்து ஜொகூர் லாமாவை அழித்தனர். இதற்குப் பதினாறாண்டு சென்றபின், 1603-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அவ்வாற்று முகத்தின் அருகே வேறொன்று நிகழ்ந்தது. சீனத்துப் பட்டும் பீங்கானும் ஏற்றிவந்த சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துகீசியக் கப்பலை, யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தலைவர் ஜொகூர் அரசின் துணையோடு கைப்பற்றினார். சரக்கு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலம் விடப்பட்டது.

பிறன் கப்பலைப் பிடித்து அதன் பொருளை விற்றது முறையோ என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு நியாயம் எழுத டச்சுக் கம்பெனியார் அமர்த்திய வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியஸ் என்பார். அவர் எழுதியதன் ஒரு பகுதி 1609-இல் 'கட்டற்ற கடல்' என்னும் பொருள்பட்ட இலத்தீன் பெயரோடு நூலாக வெளிவந்தது. கடல் ஒரு நாட்டார்க்கே உரிமையாகாது, எல்லா மக்களுக்கும் பொது என்பது அந்நூலின் முடிபு. இன்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கும் கடற் சட்டத்திற்கு அந்நூல் ஒரு மூலவேர் என்பர். ஆகவே, நாம் படகோட்ட விரும்பும் இச்சிறு நீர்ப்பரப்பு உலக வரலாற்றுக்குத் தொலைவான இடமன்று.

ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கருதவேண்டும். கடல் பொது என்னும் அவ்வுயர்ந்த சொல், கொள்ளைப் பொருளைக் காக்கும்பொருட்டு, ஒரு கம்பெனியின் பணத்தில் எழுதப்பட்டது. சொல் தவறென்று நாம் கூறவில்லை. நல்ல சொல்லும் வல்லவன் வாயிற் புகுந்தால் வல்லவனுக்கே உழைக்கும் என்றுதான் கூறுகின்றோம். அக்கடலிற் பிறந்து, அக்கடலிற் படகே வீடாக வாழ்ந்த செலேத்தார் மக்களை எவரேனும் கேட்டனரா? அலையாத்திக் காடுகளுக்கிடையே மீனும் நண்டும் பிடித்து, இந்நீரிணையின் இருகரையையும் ஒன்றாகவே கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். பொது என்று எழுதிய ஏட்டில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1824-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஜான் கிராபர்டு என்னும் அதிகாரி சுல்தான் ஹுசேனோடும் தெமெங்கோங் அப்துல் ரகுமானோடும் செய்துகொண்ட உடன்படிக்கையால், சிங்கப்பூர்த் தீவு மட்டுமன்றி, அதனைச் சுற்றிப் பத்து மைல் தொலைவிலுள்ள கடலும் தீவுகளும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரியனவாயின. நீரிணையோ ஜொகூர் பாருவினருகே ஒரு மைல் அகலமுங்கூட இல்லை. எனவே ஜொகூர்க் கரையில் நின்று காலை நனைத்தவன், சட்டப்படி பிறருடைய நீரிலே காலை நனைத்தவனாயினான். நூற்று மூன்று ஆண்டு கழித்து, 1927 அக்டோபர் 19-இல் செய்த உடன்படிக்கையாலேயே நீரிணையில் ஒரு பாதி ஜொகூருக்குத் திரும்பி வந்தது. ஆழமான நீரோட்டத்தின் நடுவே எல்லை வகுக்கப்பட்டது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகு அக்கோடு இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1995-இல் இரு அரசும் அதனை அளந்து உறுதிசெய்தன. இன்று இந்நீரிணையிற் படகெடுப்பவன் நீரேற்றக் கணக்கை அறிந்தால் மட்டும் போதாது. இக்கோட்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கடற்பாலமும் நீர்ப்பூட்டும்

நிற்க. இனிக் கடற்பாலத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1903-இல் சிங்கப்பூர் நகரத்தினின்று கிராஞ்சி வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. 1909-இல் ஜொகூர் வழியே வந்த ரயில் பாதையும் முற்றுப்பெற்றது. இடையே நின்ற தடை இந்நீரிணை ஒன்றே. மக்களும் சரக்கும் ரயிலை விட்டிறங்கிப் படகில் ஏறி, அக்கரையில் மறுபடியும் ரயிலேற வேண்டியதாயிற்று. பின்னர்ச் சரக்கு வண்டிகளையே படகில் ஏற்றிக் கடத்தினர். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக அதுவும் போதவில்லை. 1917-இல், பாலம் கட்டுவதினும் கல்லைக் கொட்டி அணையமைப்பதே எளிதென்று முடிவு செய்யப்பட்டது. புக்கிட் தீமாவிலும் புலாவ் ஊபினிலும் கருங்கல் வேண்டிய அளவு கிடைத்ததே அதற்குக் காரணம்.

1919-இல் டோப்பம், ஜோன்ஸ், ரெயில்டன் கம்பெனியார் வேலையைத் தொடங்கினர். 1920 ஏப்ரல் 24-இல் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லிமார்ட் அடிக்கல் இட்டார். 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் முதல் நாளிற் பயணிகள் ரயிலும் அதன்மேல் ஓடின. 1924 ஜூன் 28-இல் சுல்தான் இப்ராகிம் முன்னிலையில் திறப்பு விழா நடந்தது. செலவு ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் வெள்ளி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆங்கில நூல்களையே பெரும்பாலும் படித்து வளர்ந்த நாம் ஆளுநர் பெயரைத் தேடியபோது ஒரு நொடியிற் கிடைத்தது. கல் சுமந்தவரில் ஒருவர் பெயரைத் தேடினோம், கிடைக்கவில்லை.

எனினும், அவ்வணையின் திட்டத்தில் ஒரு சிறப்பு இருந்தது. ஜொகூர்க் கரையின் பக்கம் ஒரு நீர்ப்பூட்டு வைத்திருந்தனர். நீர்ப்பூட்டாவது யாது? இருமுனையிலும் கதவுள்ள ஒரு கல் தொட்டி. தெப்ராவ் நீரிணைக்குக் கிழக்கினின்றும் மேற்கினின்றும் கடலேற்றம் வருகின்றது. நடுவே அணையிட்டால் இருபக்கத்து நீர்மட்டமும் எப்போதும் ஒத்திராது. படகு ஒரு கதவின் வழியே தொட்டியுட் புகும், அக்கதவு மூடப்படும், தொட்டியின் நீர் மறுபக்கத்து நீரோடு சமமானதும் எதிர்க்கதவு திறக்கப்படும், படகு அப்பாற் செல்லும். சென்னைக் கால்வாய்க் கரையார் இதனை 'லாக்கு' என்பர். அந்நீர்ப்பூட்டின் மேலே ரயிலும் சாலையும் செல்ல ஒரு தூக்குப் பாலம் அமைந்திருந்தது. படகு வருங்கால் அது மின்விசையால் தூக்கப்படும்.

அணை வேலை முதன்முதல் தொடங்கியது இந்நீர்ப்பூட்டினிடத்தேதான் என்பதும் கருதத்தக்கது. படகு வழியை அமைத்துக்கொண்ட பின்னரே கடலை அடைத்தார்கள். ஆட்சியாளர் இதனைச் சிறு படகோட்டியின்மேல் கொண்ட இரக்கத்தாற் செய்தார்கள் என்று நாம் கூறோம். அந்நாள் வாணிபத்தில் படகுக்கும் ஒரு பங்கிருந்தது, ஆதலின் வைத்தார்கள். காரணம் எதுவாயினும், பெருவழி அமைத்தோர் சிறுவழியையும் கணக்கில் எழுதினர். அந்த ஒரு வரியை நாம் பாராட்டுகின்றோம்.

அவ்வரி பதினெட்டு ஆண்டுதான் நின்றது. 1942 ஜனவரி 31-இல், ஜப்பானியர் நெருங்கி வர, பின்வாங்கிய படையினர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு வெடி நீர்ப்பூட்டையும் தூக்குப் பாலத்தையும் சிதைத்தது. மற்றொன்று அணையில் எழுபதடி அளவுக்குப் பிளவு செய்தது. சிங்கப்பூருக்குச் சென்ற குடிநீர்க் குழாயும் அறுந்தது. பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியர் சிறு படகுகளில் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினர். பல்லாண்டு மீனுக்கும் ரப்பருக்கும் படகோடிய நீரில் அன்று படைப்படகுகள் ஓடின. 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் நம் தோட்டங்களினின்று பல்லாயிரவர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டதை இவ்விதழ் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அக்கணக்கு உளது.

போர் முடிந்தது. சாலை சீர்ப்பட்டது, ரயில் ஓடிற்று, குழாயில் நீர் சென்றது. நீர்ப்பூட்டு மட்டும் மீண்டும் அமைக்கப்படவில்லை. அவ்விடம் அடைபட்டே போயிற்று. இன்று கடற்பாலத்தின் மேலே குடிநீர் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்குச் செல்கின்றது. கீழேயுள்ள கடல்நீரோ அக்கரைக்குச் செல்ல வழியின்றி நிற்கின்றது. இருமுனையும் திறந்திருந்த நீரிணை இரண்டு முட்டுச் சந்துகளாயிற்று. நீரோட்டம் குன்றியதாற் சேறு படிகின்றது. பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கப்பல்கள் கிழக்கினின்று வருகின்றன. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மேற்கினின்று வருகின்றன. இரண்டும் ஒரே நீரிணைக் கரையில் இருந்தும், ஒன்றினின்று மற்றொன்றுக்கு அந்நீரிணை வழியே போக இயலாது.

1998-இல் மேற்கே கட்டப்பட்ட இரண்டாம் பாலம் தூண்களின்மேல் நிற்கின்றது. அதனடியிற் படகு செல்லும். அணைக்குப் பதிலாக வளைந்த பாலமொன்று கட்டிக் கப்பலுக்கு வழிவிடலாம் என்னும் திட்டமும் மலேசிய அரசில் எழுந்து, 2006 ஏப்ரலிற் கைவிடப்பட்டது. அதுகுறித்து இரு நாட்டாரும் வாதிட்டவை பல. மணல், வான்வெளி, செலவு, சட்டம் என்றெல்லாம் பேசப்பட்டன. அவ்வாதங்களின் நடுவே 1942 வரை அங்கே ஒரு சிறு கதவு இருந்ததை நினைவு கூர்ந்தோர் அரியர்.

இழுத்த கைகள்

இவ்விடத்தே, இதற்கு நேர்மாறான ஒரு வழியை நினைக்கின்றோம். நம் ஜொகூரின் வடமேற்கே மூவார் ஆறு ஓடுகின்றது. அதன் தலைப்பகுதியில் ஜெம்போல் என்னும் கிளையும், கிழக்கே பகாங் ஆற்றொடு சேரும் செர்த்திங் ஆறும் மிக அண்மையில் வருகின்றன. இடையே உள்ளது சில நூறு மீட்டர் நிலமே. பண்டைநாளில் படகுகளை அந்நிலத்தின்மேல் கையால் இழுத்து ஓராற்றினின்று மற்றோராற்றில் விட்டனர். 'தாரிக்' என்றால் மலாயில் இழுத்தல். ஆதலின் அவ்விடம் பெனாரிக்கான் எனப்பட்டது. மலாக்காக் கடலினின்று சீனக் கடல்வரை தீவகற்பத்தைக் குறுக்கே கடக்கும் நீர்வழி அது. மலாக்காவை இழந்த சுல்தான் மகமூது மூவாருக்கு ஓடி, அவ்வழியே பகாங் சேர்ந்தார் என்று மலாய் வரலாறு கூறும். அங்கே இயற்கை அடைத்த வழியை மக்கள் கையால் திறந்தனர். இங்கோ இயற்கை திறந்து வைத்த வழியை மக்கள் அடைத்துவிட்டனர். அங்கே கடந்த சுல்தானின் பெயரை நாம் அறிவோம். படகை இழுத்தோர் எத்துணைபேர் என்பதும் அறியோம். எனினும் ஊர்ப்பெயர் அவ்வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய கதையொன்று உண்டு. சென்னையினின்று எண்ணூருக்கு 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், கடலோரமாகவே வடக்கும் தெற்கும் நீண்டு, 1878-இல் ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டிய பகுதியும் அதிலுண்டு. வெட்டினவர் பசித்தவர், பெயர் பெற்றவர் ஆளுநர். விறகும் நெல்லும் உப்பும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். பாரதிதாசன் அக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்றதைப் பாடிய 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டில், இன்பப் பயணத்தினிடையே படகிழுப்போரின் துன்பத்தையும் கண்டு பாடியிருக்கின்றார். இன்பமாய்ப் படகேறும் எண்ணங்கொண்ட நமக்கு அப்பாட்டு ஓர் எச்சரிக்கை. புயல்களாற் சிதைந்து, 1976-க்குப் பின் போக்குவரத்திழந்த அக்கால்வாயின் சென்னைப் பகுதியிற் பறக்கும் ரயிலின் தூண்களே ஊன்றப்பட்டன. அங்கும் நிலவழி வந்தபோது நீர்வழியைக் கேட்பாரில்லை.

நம்மவர் கூட்டங்களில் வரலாறு பேச எழுவோர் ராஜேந்திர சோழனையே முதலில் எடுப்பர். 1025-இல் அவன் படை கடல் கடந்து கடாரமும் ஸ்ரீவிஜயமும் வென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுவது மெய்யே. வென்ற ஊர்களின் பெயர் அதில் வரிசையாக வருகின்றது. துடுப்புப் போட்டவன் ஒருவன் பெயரும் வரவில்லை. சுமத்திரா தீவின் பாருஸ் என்னுமிடத்தில் 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. அதில் மரக்கலத்தார் வருகின்றனர். எவ்வாறெனின், கட்டணம் செலுத்தவேண்டியவராக! ஆயிரமாண்டாக உழைப்பாளி வரி கொடுக்கும் பக்கத்திலேயே எழுதப்பட்டு வந்திருக்கின்றான். சோழன் வென்றான் என்று நெஞ்சு நிமிர்த்தும் தோழர்களை நாம் கேட்பது ஒன்றே: நாம் அரசன் வழியினரா, துடுப்புப் போட்டவன் வழியினரா? பிந்தியதே மெய்யாயின், அதில் நாணுதற்கு என்ன இருக்கின்றது?

திருத்திய திட்டம்

விடுமுறைக்குப் படகோட்ட முடியவில்லை என்பதற்காக இத்துணைப் பெரிய குறையா என்று சிலர் நகைக்கலாம். கடற்பாலத்தை நாம் பழிக்கவில்லை. தோட்டங்கள் வெட்டப்பட்டு, வீடமைப்புக் காடுகளாக மாறியபோது வேலையிழந்த நம் இளைஞர் பல்லாயிரவர், கோழி கூவுமுன் மோட்டார் சைக்கிளில் ஏறி அக்கடற்பாலத்தைக் கடந்தே சிங்கப்பூரிற் கூலி தேடுகின்றனர். அது இல்லையேல் பல வீடுகளில் அடுப்பு எரியாது. பெருவழி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் கூறுவது வேறு. பெருவழி அமைக்குங்கால் அதில் ஒரு சிறு கதவு வைப்பது இயலாத காரியமன்று. 1919-இல் வைத்துக் காட்டினார்கள். அக்கதவு போரில் உடைந்தது யாவர்க்கும் தெரிந்த தீவினை. ஆனால் அமைதி வந்தபின் அதைத் திரும்ப வையாதது போரின் குற்றமன்று, மறதியின் குற்றம். ரயிலுக்குக் கேட்பார் இருந்தனர், மோட்டாருக்கு இருந்தனர், குழாய்க்கும் இருந்தனர். படகுக்கு இல்லை. தோட்டத் தமிழர் வாழ்விலும் இதுவே நிகழ்ந்ததன்றோ? சாலையும் நகரமும் வந்தன; நன்று. தோட்டத்தை விட்டு வெளியேறியோர்க்கு வீடும், பிள்ளைகட்குப் பள்ளியும் எங்கே என்பது பல இடங்களில் திட்டம் முடிந்த பிறகே நினைவுக்கு வந்தது. வழியடைக்குமுன் கதவை வை என்பது படகுக்கு மட்டும் உரிய நீதியன்று.

இனி நம் பயணத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். திட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நாள் குக்குப்பினின்று புறப்பட்டு, கடலேற்றத்தோடு உள்ளே வந்து, இரண்டாம் பாலத்தின் கீழாகச் சென்று, ஜொகூர் பாருவுக்கு மேற்கே கரையிறங்குவது. அங்கே படகை விட்டுவிட்டுக் கடற்பாலத்தின் தலைப்பைக் காலால் நடந்து கடப்பது. மறுநாள் கிழக்குப் பக்கத்தில் வேறொரு படகெடுத்து, எல்லைக்கோட்டுக்கு வடக்காகவே சென்று, ஜொகூர் ஆற்றில் ஏறுவது. உயிர்காப்புச் சட்டை, எண்ணெய், குடிநீர், நீரேற்ற அட்டவணை, அடையாள அட்டை ஆகியன குறித்துக்கொண்டோம். இப்பகுதி நீரை அறிந்த மீனவரையே படகோட்டியாக அமர்த்துவதென்றும், அவர் கேட்கும் கூலியைக் குறைத்துப் பேசுவதில்லையென்றும் முடிவு செய்தோம்.

பட்டியலின் இறுதியில் தோழர் மற்றுமொரு பொருளைச் சேர்த்தார்: ஒரு குறிப்புப் புத்தகம். ஒவ்வொரு துறையிலும் இறங்கி, பழைய படகோட்டிகள், சுமைதூக்கிகள், செலேத்தார் முதியோர், தோட்டத்துப் பெரியவர்கள் ஆகியோரின் பெயரையும் வேலையையும், அவர்கள் சம்மதித்தால், எழுதிவருவது. அதன் முதற் பக்கத்தில் நம் மூதாட்டியின் தந்தையார் பெயரை எழுதிவிட்டோம். வாசகர்களாகிய நீங்களும் உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி உங்கள் இல்லத்து முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். நாளை வருவோர் இவ்வாற்றில் வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பாராயின், காட்டுதற்கு நம்மிடம் ஒரு செக்ரோலாவது இருத்தல் வேண்டும்.